பயிருக்கும் சிப்பிக்கும் நடுவில் வள்ளலார்

தூத்துக்குடி வட்டாரத்தில் ஒருவர் மீனையும் இறைச்சியையும் விட்டுவிட்டார் என்று தெரிந்தால், அவரிடம் ஒரு கேள்வி தவறாமல் கேட்கப்படும். கீரைக்கும் கத்தரிக்காய்க்கும் உயிர் இல்லையா, அவற்றை அறுத்து உண்பது மட்டும் எப்படிக் கொலையாகாமல் போகும் என்பதே அது. பெரும்பாலும் விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அன்று. பேச்சை முடித்துவைப்பதற்காகக் கேட்கப்படுவது.

என்னிடம் அதை முதலில் கேட்டவர் என் தாத்தா. 1950-களின் பிற்பகுதியில் மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துச் சிலாபங்களில் குளியாளியாக மூழ்கியவர். பிறகு முதுமை வரை மீன்வலையோடு வாழ்ந்தவர். கல்லூரி நாள்களில் இராமலிங்க அடிகளாரைப் படித்துவிட்டு நான் மீன் உண்பதை நிறுத்தியபோது, தாத்தா அந்தக் கேள்வியைக் கேட்டார். அதில் கேலி இல்லை, வருத்தம் இருந்தது. தம் வாழ்நாள் உழைப்பையே பேரன் பாவம் என்று சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அன்று என்னிடம் விடை இல்லை. அதைத் தேடித்தான் வள்ளலாரின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை பொறுமையாகப் படித்தேன்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5-ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார் இராமலிங்கம். பிறந்த சில மாதங்களில் தந்தை இறந்தார். தாய் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் உள்ள தம் ஊரான சின்னகாவணத்திற்குச் சென்றார். பின்னர் குடும்பம் சென்னையில் குடியேறியது. மூத்த அண்ணன் சபாபதி, புராண விரிவுரை செய்து கிடைத்த வருவாயில் அனைவரையும் காத்தார்.

தம்பி படிப்பில் மனம் வைக்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலேயே பொழுதைக் கழித்தான். சினந்த அண்ணன், அவனுக்கு வீட்டில் சோறிடக் கூடாது என்று கட்டளையிட்டார். அண்ணியார் கணவருக்குத் தெரியாமல் அவனை அழைத்து உணவிட்டு வந்தார். ஒருநாள் வீட்டில் முன்னோர் வழிபாடு. ஊரார் எல்லாரும் விருந்துண்டு போன பின், வீட்டுப் பிள்ளை மறைந்து வந்து உண்ண நேர்ந்ததே என்று அண்ணியார் கண்ணீர் விட்டார். அதைக் கண்டு மனம் இளகிய சிறுவன், வீட்டிலேயே தங்கிப் படிப்பதாக ஒப்புக்கொண்டான் என்பது வள்ளலார் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி. பின்னாளில் பசியை உலகின் தலையாய துன்பமாக அவர் கண்டதை எண்ணும்போது, பசித்த ஒரு பிள்ளைக்காக அந்த அம்மையார் அழுத அழுகையும் என் நினைவுக்கு வரும்.

சென்னையில் இருந்த ஆண்டுகளில் திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்கு அவர் அடிக்கடி நடந்து சென்று வந்தார். திருவொற்றியூர் மீனவர் வாழும் கடற்கரை ஊர். பிற்காலத்தில் அவர் பாடிய விண்ணப்பப் பாடல்களில், பிற உயிரைக் கொல்லப் பிறர் முனைவதைக் கண்டு அஞ்சியதையும், வலை, தூண்டில், கண்ணி போன்ற கருவிகள் கண்ணில் பட்டாலே தாம் கலங்கிப் போனதையும் இறைவனிடம் முறையிடுகிறார். திருவொற்றியூர் மணலில் காய்ந்து கிடந்த வலைகளையும் அவர் பார்த்திருப்பார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. அவரை நடுங்கச் செய்த அந்த வலைதான் என்னைப் படிக்க வைத்தது.

1854-இல் அவர் எழுதிய மனுமுறை கண்ட வாசகம் வெளிவந்தது. திருவாரூரில் சோழ இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று அகப்பட்டு இறந்ததையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்டதையும், மன்னன் தன் ஒரே மகனை அதே தண்டனைக்கு ஆளாக்கியதையும் சொல்லும் பழங்கதையை அவர் உரைநடையில் விரித்தார். கன்றின் உயிரும் இளவரசனின் உயிரும் ஒரே நிறை என்பது அக்கதையின் அடிப்படை. முப்பது வயதை ஒட்டிய நாள்களிலேயே அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்கு இந்நூல் சான்று.

1858-இல் அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். சிதம்பரம் சென்று, பிறகு வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பவர் இல்லத்தில் பல ஆண்டுகள் தங்கினார். நகரத்துப் புலவராக இருந்தவர் உழவர்களுக்கு நடுவே வந்து சேர்ந்தார். நீரில்லாமல் காய்ந்து தலைசாய்ந்த பயிரைப் பார்த்துத் தாமும் உடன் துவண்டதாக அவர் பாடியது தமிழர் எல்லாரும் அறிந்ததே. அதே பாடலில் வீடுவீடாகச் சென்று இரந்தும் பசி தீராத மனிதர்களும், நெடுநாள் நோயில் கிடப்பவர்களும் வருகிறார்கள். பயிரின் வாட்டத்தையும் மனிதனின் பசியையும் அடுத்தடுத்து வைத்துப் பாடியவர் அவர்.

பயிருக்காக இப்படி உருகிய ஒருவர், அந்தப் பயிரையே உண்ணலாம் என்று எப்படிச் சொன்னார்? தாத்தா கேட்ட கேள்வியை, சீவகாருணிய ஒழுக்கம் என்ற தம் உரைநடை நூலில் வள்ளலாரே எழுப்பி, தாமே விடையும் தருகிறார். கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை என்பதே முதலில் என்னைக் கவர்ந்தது. மரமும் புல்லும் நெல்லும் உயிர்களே என்று ஒப்புக்கொண்டுதான் அவர் தொடங்குகிறார். அவற்றைத் துன்புறுத்தி உண்டால் அதிலும் ஒரு பங்கு குற்றம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை.

அதற்கு மேல் அவர் மூன்று வேறுபாடுகளைக் காட்டுகிறார். முதலாவது, தாவரத்திற்குத் தொடுவுணர்வு ஒன்றே உண்டு. மனம் முதலிய கருவிகள் அதில் விரிந்து வளரவில்லை. ஆகவே விலங்கு படும் அச்சமும் வேதனையும் அதற்கு இல்லை. இரண்டாவது, நாம் உண்ணும் வித்து உயிர் வெளிப்படாத நிலையில் உள்ள பொருள். நிலமும் நீரும் சேர்ந்த பிறகே அதில் உயிர் விளங்குகிறது. வித்தை விதைத்துப் பயிரைப் பெருக்குவதும் மனிதனால் இயல்வதாக இருக்கிறது. மூன்றாவது, காய், கனி, பூ, தழை போன்றவற்றை எடுத்துக்கொள்வது, உடலிலிருந்து நகத்தையும் மயிரையும் களைவது போன்றது. செடியின் உயிரைப் போக்குவது அன்று.

இந்த வாதத்தின் வேர் தமிழில் மிகப் பழையது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்திய தொல்காப்பியம், புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வைத்தது. எங்கள் கடற்கரைக்காரன் ஒருவன் அந்த மரபியல் பகுதியைப் படித்தால் அடுத்த படியில் நின்றுவிடுவான். நத்தையும் சங்கும் சிப்பியும் அங்கே ஈரறிவுயிர்கள். தொடுவுணர்வோடு சுவையும் சேர்ந்தவை. அதாவது, முத்துச்சிப்பி புல்லுக்கு ஒரே ஒரு படி மேலே இருக்கிறது.

சமணமும் புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டே உயிர்களை அடுக்கியது. எங்கள் மாவட்டத்துக் கழுகுமலைப் பாறையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள் அந்த நெறி இங்கே செழித்திருந்ததற்கு அடையாளம். ஆனால் சமணம் தாவரத்திற்குள்ளும் கோடு கிழித்தது. மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் உறைகின்றன என்று கருதி, அந்நெறியை உறுதியாகக் கடைப்பிடிப்போர் அதை விலக்கினர். வள்ளலார் அத்துணை நுணுக்கமாகச் செல்லவில்லை. உழவன் விளைவித்ததை ஏழை உண்பதற்குத் தடையாக எந்த விதியையும் அவர் வைக்கவில்லை.

அவருக்குப் பின் அறிவியலும் இந்தக் கேள்விக்குள் வந்தது. ஜகதீச சந்திர போஸ், தூண்டுதலுக்குத் தாவரம் காட்டும் மின் எதிர்வினைகளை 1901-இல் இலண்டனில் செய்து காட்டியபோது, செடிக்கும் வலி உண்டு என்று பலர் அதற்குப் பொருள் கொண்டனர். எதிர்வினை என்பது வேறு, வேதனையை உணர்வது வேறு என்பதே இன்றைய அறிவியலாளர் பலரின் நிலை. நரம்பும் மூளையும் இல்லாத செடி வேதனையை உணர்வதற்குச் சான்று இல்லை என்பர். கருவிகள் விரியாத உயிர் என்று வள்ளலார் சொன்னதும் ஏறத்தாழ இதையே.

சிப்பியின் நிலைதான் இன்றும் தீரவில்லை. மூளை இல்லை, நரம்பு முடிச்சுகள் சில உண்டு. விலங்குகளின் உரிமைக்காக 1975-இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஆஸ்திரேலிய மெய்யியலாளர் பீட்டர் சிங்கர், சிப்பியை உண்பது குற்றமாகாது என்று முதலில் கருதி, அடுத்த பதிப்பில் ஐயத்தோடு அந்நிலையை மாற்றிக்கொண்டார். புல்லுக்கும் மீனுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்ற இடத்தில், உலகம் முழுவதும் சிப்பிதான் கிடக்கிறது.

ஆனால் வள்ளலாரின் வாழ்க்கையில் தாவரமா விலங்கா என்பது முதற்கேள்வி அன்று, பசியே முதற்கேள்வி. 1865-இல் அவர் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பார்வதிபுரம் ஊரார் ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடையாக அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. நாடு, சமயம், சாதி, ஒழுக்கம் எதையும் விசாரியாமல் பசித்தவருக்கு உணவிட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில் தென்னகத்தைப் பெரும் பஞ்சம் தாக்கிப் பல இலட்சம் மக்கள் மடிந்தனர் என்பதை எண்ணினால், அந்த அடுப்பின் அருமை விளங்கும்.

1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. எண்கோண வடிவான அந்தச் சபைக்குள் நுழைய ஒரு நிபந்தனை உண்டு. கொலையையும் புலாலையும் விட்டவர்களே உள்ளே செல்லலாம். தம் பாடல் ஒன்றில், உயிரைக் கொன்று உண்பவர்களை அவர் புறவினத்தார் என்றே ஒதுக்குகிறார். அவர்களுக்குப் பசி வந்தால் அதை மட்டும் தீர்க்க வேண்டும், அதற்கு மேல் நெருக்கம் வேண்டாம் என்பது அதன் கருத்து.

அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு நெடுநாள் முள் தைத்திருந்தது. கடலுக்குப் போகும் ஒருவனுக்கு மீனைத் தவிர வேறு விளைநிலம் இல்லை. எங்கள் கரை மணலில் நெல் விளையாது. உப்பளமும் பனையும் கடலும் தந்ததை வைத்தே தலைமுறைகள் வாழ்ந்தன. சாதியையும் சமயத்தையும் உதறிய ஒருவர், தொழிலால் கொல்ல நேர்ந்தவரை ஏன் வெளியே நிறுத்தினார் என்று நான் அவரோடு மனத்துக்குள் வாதாடியிருக்கிறேன். இன்றும் அந்தச் சொல்லை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அவர் மீது கொண்ட பற்றால் அதை மறைத்து எழுதுவதும் நேர்மையாகாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எழுப்பிய இரண்டு இடங்களில் நிபந்தனை சபைக்குத்தான், சாலைக்கு இல்லை. சாலையைத்தான் அவர் முதலில் கட்டினார். ஐந்தாண்டு கழித்தே சபை வந்தது. கொல்லாமையை அவர் உயிரினும் மேலாக மதித்தார். ஆயினும் பசித்து வந்தவனிடம் அவன் என்ன உண்டு வாழ்ந்தான் என்று கேட்க அவர் ஒப்பவில்லை. அறத்தின் உச்சியில் கொல்லாமையையும் அதன் வாயிலில் பசி நீக்கத்தையும் வைத்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

கடைசி ஆண்டுகளில் அவர் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்று பெயரிட்ட இல்லத்தில் தங்கினார். 1873 அக்டோபரில் அங்கே கொடியேற்றி, அன்பர்களுக்குத் தம் நெறியை விரித்துரைத்தார். சாதி, சமய வேறுபாடுகளை விட்டுவிடுமாறு அப்போது வற்புறுத்தினார். 1874 சனவரி 30-ஆம் நாள் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது ஐம்பது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பூசத்திற்குத் தாத்தாவை வடலூருக்கு அழைத்துச் சென்றேன். சபை வாயிலில் எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் முகம் வாடவில்லை. அது அந்த இடத்தின் முறை என்று சொல்லிவிட்டு, வெளியே நின்றே கைகூப்பினார். பிறகு தருமச்சாலைக்குப் போனோம். வரிசையில் அமர்ந்தோம். யார், எந்த ஊர், என்ன தொழில் என்று எவரும் கேட்கவில்லை. சோறும் குழம்பும் வந்தன. தாத்தா மறுசோறு வாங்கி உண்டார்.

திரும்பும் வழியில் நான் படித்த மூன்று வேறுபாடுகளையும் அவரிடம் சொன்னேன். நெல் முற்றினால் தாளே காய்ந்துவிடும் என்பது தமக்கும் தெரியும் என்றார். மீனைப் பற்றி அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகளின் பசிக்காகப் பிடித்தது அது என்றார். அந்த அடுப்பை மூட்டியவருக்கு அது புரிந்திருக்கும் என்றும் சொன்னார். சற்று நேரம் கழித்து, நான் கேளாமலேயே, சிலாபக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

கல்லைக் கட்டிய கயிற்றோடு பாரில் இறங்கி, மூச்சு முட்டும் வரை சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டு மேலே வருவார்கள். அள்ளியதில் பெரும்பங்கு அரசுக்கு. குளியாளிக்கு மூன்றில் ஒரு பங்கே என்பது பழைய முறை. ஆயிரம் ஆயிரமாக ஏலம் போன சிப்பிகளைக் கரையில் குவித்து அழுக விடுவார்கள். சதை அழுகிக் கரைந்த பிறகே கழுவி முத்தைத் தேட முடியும். நாற்றமும் ஈயும் ஊரையே சூழ்ந்திருக்கும். குவியல் குவியலாகக் கழுவியும் நல்ல முத்து சிலவே கிடைக்கும். 1961-க்குப் பிறகு எங்கள் கடலில் அத்தகைய சிலாபம் நடக்கவில்லை. பார்களில் சிப்பி குறைந்துபோயிற்று.

அந்தக் குவியல்களை நினைத்தால்தான் மனம் ஒப்பவில்லை என்றார் தாத்தா. அத்தனை உயிரில் ஒன்றுகூட ஒருவர் வயிற்றுக்கும் போகவில்லை. யாரோ ஒருவர் கழுத்தில் போட்டுக்கொள்வதற்காக அழுகியது. அதை அள்ளித் தந்த தம்மைப் போன்றவர்கள் பசிக்காக மூழ்கினார்கள் என்பது வேறு கதை என்றார். ஈரறிவு, ஓரறிவு என்ற கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. சிப்பிக்கு வலிக்குமா என்றும் அவர் கேட்கவில்லை. எதற்காக என்றுதான் கேட்டார்.

கீரைக்கும் உயிர் உண்டே என்று இப்போது யாரேனும் என்னிடம் சொன்னால், உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். வள்ளலாரும் அப்படித்தான் தொடங்கினார் என்று சொல்கிறேன். தாவரத்திற்கும் உயிர் உண்டு என்பது விலங்கைக் கொல்வதற்கு உரிமைச்சீட்டு ஆகாது. தாவரத்தையும் வீணாக்காதிருக்க அது ஒரு காரணம் ஆகலாம். பசியைத் தீர்க்க எவ்வளவு குறைந்த துன்பம் போதும் என்று பார்ப்பதும், பசியே இல்லாத இடத்தில் உயிரை அழிக்கத் துணியாதிருப்பதும் அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை. தாத்தா கடைசி வரை மீன் உண்டார். நான் உண்ணவில்லை. வடலூர் போய்வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.